முதல் ஸ்டேஜ், மூன்றாம் கிரேடு

பொற்கொடிக்கு இருமல்கூட இருந்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்கள் எல்லோருக்கும் நடக்கிற மெடிக்கல் செக்கப்பில், எக்ஸ்ரே எடுப்பவர் அவளை மறுபடி நிற்கச் சொன்னபோது, தான்தான் மூச்சைச் சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது படத்திலும் வலது நுரையீரலின் மேல்பக்கம் அந்த வெள்ளைப் பொட்டு இருந்தது. பிறகு ஸ்கேன், ஊசி விட்டுச் சதை எடுப்பது, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததில், இது புற்றுநோய் என்று தன்னிடம் முதலில் சொன்னது யார் என்பதே அவளுக்கு நினைவில் நிற்கவில்லை.

அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. நெய்வேலியில் சுரங்கத்து டைம் ஆபீசில் வேலை. கணவன் கருணாகரன் கன்வேயர் ஆபரேட்டராக இருந்தவன். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டிலேயே மாரடைப்பில் போய்விட்டான். அதற்குப் பிறகு வாரிசு வேலையாக வந்தது இது. ஷிப்டுக்கு வருகிறவர்களின் வருகை, லீவு, ஓவர்டைம் எல்லாம் அவள் கை வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குள் போகும். ஒரே மகன் மதிவாணன் மஸ்கட்டில் ஒரு ஏசி கம்பெனியில் இருந்தான். மருமகள் இசைப்பிரியாவும் அங்கேதான். குவார்ட்டர்ஸில் அவள் மட்டும்.

விஷயம் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். வீட்டில் யார் சிகரெட் பிடித்தது? கருணாகரன் வெற்றிலைகூடப் போட்டதில்லை. ஒவ்வொருவரிடமும் செத்துப்போனவனுக்காக அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஏன் வந்தது என்று டாக்டரிடமே ஒருநாள் கேட்டாள். எல்லோருக்கும் காரணம் சொல்ல முடிவதில்லை என்றார் அவர். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் யார் வாயையும் மூட முடியவில்லை.

ஆபரேஷனுக்கு மதிவாணன் லீவு போட்டு வந்தான். வலது நுரையீரலின் மேல் மடலை எடுத்தார்கள். பெண்கள் வார்டில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் மாணிக்கம்மாள் படுத்திருந்தாள். நெய்வேலிக்கு அருகில் கம்மாபுரம் பக்கம் ஊர். நடவு, களையெடுப்பு, முந்திரிக்கொட்டை உடைப்பது என்று ஆயுசு முழுக்கக் கூலி வேலை செய்தவள். அறுபதைத் தாண்டியிருக்கும். அவளுக்கும் நுரையீரலில் கட்டி, அவளுக்கும் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதே வாரத்தில் அதே டாக்டர் கையால் ஆபரேஷன். இடது, வலது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

"ஒனக்கு அந்தாண்ட, எனக்கு இந்தாண்ட" என்றாள் மாணிக்கம்மாள், பேச முடிந்த முதல் நாள். "ரெண்டு பேரையும் ஒட்டி வச்சா ஒரு முழு ஆளு தேறும்."

பொற்கொடிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் போட்ட விலாவில் உயிர் போனது. "அக்கா, சிரிக்க வைக்காதீங்க."

இருவருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருந்தார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் உள்ளே இருக்கும் மூன்று பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்ப வேண்டும். இருவருக்கும் முதல் பந்தே எழும்பவில்லை.

"மூட்ட மூட்டையா நெல்லு தூக்கினவ. இந்தப் பந்து இன்னா கனம் கனக்குது பாரு" என்று மாணிக்கம்மாள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவளைப் பார்க்க தினமும் ஆள் வந்தது. மகன்கள், மருமகள்கள், கொழுந்தன், யாராவது ஒருத்தர். மகள் கண்ணகி மட்டும் கூடவே இருந்தாள். மந்தாரக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர்கள் கொண்டுவருகிற சாப்பாட்டில் பொற்கொடிக்கும் ஒரு பங்கு வந்துவிடும். கண்ணகி அவளைச் சின்னம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். பார்க்க வந்த நாத்தனார் விஜயலட்சுமி இதையெல்லாம் கவனித்துவிட்டு, "எந்தத் தெரு ஆளுங்க அவங்க?" என்று காதோடு கேட்டாள். பொற்கொடி, கண்ணகி வைத்துவிட்டுப் போன கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டாள்.

மதிவாணன் மஸ்கட்டுக்குக் கிளம்பும் முன்பு டாக்டர் அவனிடம், "நெறிக்கட்டியில பரவின மாதிரி தெரியல. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்தான். எடுத்த சதைய டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம், முழு ரிப்போர்ட் வரட்டும்" என்று சொன்னார். அவன் காதில் முதல் பாதிதான் விழுந்தது. வார்டுக்குள் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு வெளியே போய் எல்லோருக்கும் போன் செய்தான்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்ற சொல் பொற்கொடிக்கு முன்பாகவே நெய்வேலி போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் வீடு திரும்பிய வாரம், பிளாக்கில் இருந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, கொடுத்து வைத்தவள் என்றார்கள். டைம் ஆபீசிலிருந்து செல்வகுமார் வந்து, "எங்க மாமாவுக்கு நாலாவது ஸ்டேஜ்லதான் தெரிஞ்சுது மேடம். உங்களுதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றான். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்து தங்கியிருந்த விஜயலட்சுமியும் ஒரு வாரத்தில் புறப்பட்டுவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. சரியாகிவிட்ட ஆளை எதற்காக வந்து பார்ப்பார்கள்?

கொல்லைப்புறத்து மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பந்துகளை எழுப்பிக்கொண்டிருப்பாள். இரண்டாவது பந்து எழும்பிய அன்று, மாணிக்கம்மாளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "எனக்கு நேத்தே ஏந்துகிச்சி" என்றாள் அவள்.

ரிப்போர்ட் வாங்கப் பாண்டிச்சேரிக்குப் பொற்கொடி தனியாகத்தான் போனாள். யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். வெறும் காகிதம் வாங்கத்தானே என்று விட்டுவிட்டாள்.

புற்றுநோய்ப் பிரிவில் இருந்தவர் புவனா என்ற இளவயது டாக்டர். ரிப்போர்ட்டைப் படித்து முடித்துவிட்டு, "கூட யாரும் வரலையாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. நான் மட்டும்தான். சொல்லுங்க."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ரெண்டு விஷயம் இருக்கும்மா. ஸ்டேஜுன்னா அது எவ்வளவு தூரம் போயிருக்குங்கறது. கிரேடுன்னா அதோட குணம் எப்படிங்கறது. உங்களுக்கு அது தூரம் போகல. ஒரே எடத்துல இருந்துச்சு, முழுசா எடுத்தாச்சு, நெறிக்கட்டி எல்லாம் சுத்தம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்னு சொன்னது சரிதான். ஆனா குணம் கொஞ்சம் சரியில்ல. மூணாவது கிரேடு."

நெய்வேலியில் கிரேடு என்றால் பதவி உயர்வு. யாருக்கு எந்த கிரேடு, எப்போது அடுத்தது என்பதுதான் டைம் ஆபீசில் வாய் ஓயாத பேச்சு. மூணுன்னா ஒண்ணுக்கு மேலதானே என்று அசட்டுத்தனமாக ஒரு கேள்வி பொற்கொடியின் வாய் வரை வந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

"எடுத்த கட்டிய மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க" என்றார் டாக்டர். "சில கட்டியில செல்லுங்க நுரையீரலோட சுவர ஒட்டியே படிஞ்சு, பழைய அமைப்ப அவ்வளவா கெடுக்காம இருக்கும். அது சாது. அதான் ஒண்ணாவது கிரேடு. சிலதுல அமைப்பே இல்லாம கும்பலா அடைச்சுக்கிட்டு வளரும். அந்த மாதிரி பகுதி அஞ்சுல ஒரு பங்கு இருந்தாலே மூணாவது கிரேடுன்னு போட்டுருவாங்க. உங்களுக்கு பாதிக்குக் கிட்ட இருக்கு."

"திரும்ப வருமா?"

"இதே மாதிரி பத்துப் பேர எடுத்துக்கிட்டா, அஞ்சு வருஷத்துல ஆறேழு பேருக்கு திரும்ப வர்றதில்ல. ஒண்ணாவது கிரேடுன்னா பத்துல ஒருத்தருக்கு வந்தாலே அதிகம்."

"மிச்சம் மூணு நாலு பேரு யாருன்னு முன்கூட்டியே தெரியாதுங்களா?"

"தெரியாதும்மா" என்றார் டாக்டர். வேறு எதையும் சேர்த்துச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டது பொற்கொடிக்குப் பிடித்திருந்தது.

மருந்து ஊசி நான்கு தடவை போட்டுக்கொள்ளலாம், கட்டாயம் என்று இல்லை, போட்டால் திரும்ப வருகிற வாய்ப்பு கொஞ்சம் குறையலாம், போடாமல் ஸ்கேன் மட்டும் எடுத்துப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம் என்றார். சிலருக்கு மாத்திரையும் கொடுப்பதுண்டு, அவளுக்கு அது பயன்படாது என்று இன்னொரு டெஸ்டில் வந்திருந்தது. "வீட்டுல கலந்து பேசிட்டு அடுத்த வாரம் சொல்லுங்க."

வீட்டில் கலந்து பேச யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபடியே வெளியே வந்தாள். வராந்தாவில் மாணிக்கம்மாளும் கண்ணகியும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அன்றுதான் வரச் சொல்லியிருந்தார்கள். வேறு அறையில் வேறு டாக்டர்.

"சின்னம்மா, அம்மாவுக்கு ஒண்ணாவது கிரேடாம்" என்று ஓடிவந்தாள் கண்ணகி. "மருந்துகூட வேணாம்ட்டாங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காமிச்சா போதுமாம். ஒங்களுக்கு?"

மாணிக்கம்மாள் பொற்கொடியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சேலை உடுத்தி, பூ வைத்திருந்தாள். அந்த முகத்தை வாட வைக்கப் பொற்கொடிக்கு மனசு வரவில்லை.

"எனக்கும் அதேதான்" என்றாள்.

"நான் சொல்லல?" என்று மாணிக்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

அன்று சொன்ன பொய்யை இரண்டு மூன்று நாளில் திருத்திவிடலாம் என்று பொற்கொடி நினைத்திருந்தாள். ஆனால் மாணிக்கம்மாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே இருவர் பெயரிலும் தங்கள் ஊர் அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டியிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையே கண்ணகி ஆட்டோவோடு வந்து நின்றாள். போகாமல் இருக்க முடியவில்லை. கோவிலில் கூடியிருந்த சனத்திடமெல்லாம் மாணிக்கம்மாள் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "இது என் தங்கச்சி. எனக்கு வந்ததேதான் இதுக்கும் வந்துச்சி. எனக்குப் போனாப்புலயே இதுக்கும் போயிடுச்சி."

யாரோ ஒரு கிழவர் பொற்கொடியின் நெற்றியில் திருநீறு பூசினார். இலையில் பொங்கல் வைத்தார்கள். நெய் மிதந்தது. அவள் உருட்டி உருட்டி வாயில் போட்டாள். சுற்றிலும் முப்பது நாற்பது பேர் அவளுக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுகூட இந்த அளவுக்கு யாருமில்லாதவளாக அவள் தன்னை உணர்ந்ததில்லை.

மகனிடமாவது சொல்லலாம் என்று மறுநாள் போன் செய்தாள். வீடியோவில் இசைப்பிரியாவும் வந்து உட்கார்ந்தாள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தியை அவர்கள் முதலில் சொன்னார்கள். மதிவாணன் சிரித்துக்கொண்டே இருந்தான். எல்லாம் பேசி முடித்த பிறகு பொற்கொடி, "ஊசி மருந்து நாலு தடவ போட்டுக்கச் சொல்றாங்கடா. ஒரு பாதுகாப்புக்கு" என்றாள்.

"ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கு எதுக்கும்மா?"

"பாதுகாப்புக்குத்தான்."

"சரி, டாக்டர் சொன்னா போட்டுக்கோ. அத்தைய கூட கூட்டிக்கோ."

அப்படித்தான் முடிவு எடுக்கப்பட்டது. உண்மையில் அதற்கு முன்பே அவள் மனசுக்குள் எடுத்துவிட்டிருந்தாள். பின்னால் ஒருநாள் அது திரும்பி வந்துவிட்டால், போட்டிருக்கலாமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்திருக்க நேரக் கூடாது. அது ஒன்றுதான் காரணம்.

முதல் தடவை விஜயலட்சுமி கூட வந்தாள். திரும்பும் வழியெல்லாம் முட்டி வலி என்றாள். இரண்டாவது தடவைக்குப் பொற்கொடி அவளைக் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. ஊசி ஏற்றும் அறையில் நர்ஸ், "கூட வந்தவங்க எங்கே?" என்று கேட்டபோது, "கேன்டீனுக்குப் போயிருக்காங்க" என்றாள். ஷிப்டு மாறி வந்த நர்ஸிடமும் அதையே சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரம் தலையில் சீப்பை வைத்தால் முடி கொத்துக் கொத்தாக வந்தது. தலையில் ஒரு பருத்தித் துண்டைக் கட்டிக்கொண்டாள். லீவு நீடித்ததால் வெளியே போகும் வேலையும் இல்லை. அப்படி இருந்த ஒரு காலைப்பொழுதில் கேட் சத்தம் கேட்டது. சொல்லாமல் கொள்ளாமல் மாணிக்கம்மாள் வந்து நின்றாள். கையில் ஒரு பை நிறைய முருங்கைக்கீரை.

"இந்தப் பக்கம் ஒரு விசேசத்துக்கு வந்தோம். அப்படியே ஒன் வூட்டையும் பாத்துட்டுப் போலாம்னு..." என்றவள் பொற்கொடியின் தலையைப் பார்த்ததும் நிறுத்தினாள். "இன்னா இது?"

பொற்கொடி அவளை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு சொன்னாள். ஸ்டேஜ் வேறு, கிரேடு வேறு என்பதை டாக்டர் சொன்ன மாதிரியே சொன்னாள். தூரம் போகவில்லை, குணம்தான் சரியில்லை. பத்துப் பேரில் ஆறேழு பேர்.

மாணிக்கம்மாள் வெகுநேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். "ரெண்டும் ஒரே அளவுன்னுதான சொன்னாங்க."

"அளவு ஒண்ணுதான்க்கா."

"ஒரே டாக்டருதான அறுத்தாரு."

"ஆமா."

"அப்பறம் எப்படி?" என்றாள் மாணிக்கம்மாள். அது பொற்கொடியிடம் கேட்ட கேள்வியாகத் தெரியவில்லை. "அன்னிக்கி ஏன் சொல்லல நீ?"

"உங்க சந்தோஷத்தக் கெடுக்க வேணாம்னு பாத்தேன்."

காபி போடுகிறேன் என்றதற்கு மாணிக்கம்மாள் வேண்டாம் என்றாள். ஆட்டோ காத்திருக்கிறது என்று எழுந்தாள். படி இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாணிக்கம்மாளிடமிருந்து நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த போன் நின்றது. பொற்கொடி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. பிறகு கண்ணகி கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"சின்னம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா சோறு துன்னறதில்ல. ரிப்போர்ட்ட எடுத்து வச்சிக்கினு, ஒழுங்கா படி, ஒழுங்கா படின்னு என்னை உசுர வாங்குது. மாத்தி கீத்தி எழுதிட்டாங்களோன்னு கேட்டுகினே இருக்கு. கொஞ்ச நாளிக்கு நீங்க..."

அவளால் முடிக்க முடியவில்லை. பொற்கொடியே முடித்து வைத்தாள். "நான் கூப்பிடலம்மா. அவங்களப் பாத்துக்கோ."

போனை வைத்துவிட்டு, மாணிக்கம்மாள் விட்டுப்போன முருங்கைக்கீரையை உருவினாள். அதற்குள் பாதி பழுத்திருந்தது. நல்லதாகப் பொறுக்கி, ஒரு ஆளுக்குப் போதுமான அளவு வதக்கினாள். கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, வரவில்லை. வராந்தாவில் நின்றபோது தனக்குக் கிடைத்தது அவளுக்கும், அவளுக்குக் கிடைத்தது தனக்கும் என்று மாறி விழுந்திருந்தால், தான் மட்டும் அவளைத் தினமும் போய்ப் பார்த்திருப்போமா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கடலூரில் பண்ருட்டி பஸ் பிடித்தாள். நெல்லிக்குப்பம் தாண்டும்போது கரும்பு லாரி ஒன்றின் பின்னால் பஸ் ஊர்ந்தது. அந்த வாடையில் அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் இருந்தவர் அவசரமாக எழுந்து இடம் கொடுத்தார். அடுத்த நிறுத்தத்தில் கண்டக்டர், "எறங்கி கொஞ்சம் காத்தாட ஒக்காருங்கம்மா. பின்னாடியே பஸ் இருக்கு" என்று இறக்கிவிட்டார். இறங்கிப் பார்த்தால் மேல்பட்டாம்பாக்கம்.

விஜயலட்சுமியின் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. பொற்கொடி நிழற்குடையின் சிமெண்ட் திட்டில் உட்கார்ந்து இன்னும் ஒருமுறை வாந்தி எடுத்தாள். எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருந்த பெண் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து, "வாய் கொப்புளிங்க" என்றாள். தலைத்துண்டைப் பார்த்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், "எலுமிச்ச ஒண்ணு தரட்டா, மோந்து பாக்க?" என்றாள்.

"தாங்க."

"கூட யாரும் வரலீங்களா?"

கேன்டீனுக்குப் போயிருக்காங்க என்று பழக்கத்தில் சொல்ல வாயெடுத்தாள். பஸ் நிறுத்தத்தில் அந்தப் பொய் செல்லாது. "யாரும் இல்லைங்க" என்றாள். சொன்ன மாத்திரத்தில் கண்ணில் நீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. டீக்கடைப் பெண் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். கடைக்கு ஆள் வரவே போய்விட்டாள்.

பொற்கொடி முகத்தைத் துடைத்துக்கொண்டு மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை. மதிவாணன் பதறிப்போய் எடுத்தான்.

"ஒண்ணும் இல்லடா. நல்லாத்தான் இருக்கேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், குறுக்க பேசாம கேளு."

கிரேடு முதல் மூன்றாவது ஊசி வரை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பக்கம் ஏதோ மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இத்தன நாளும் தனியாவா போய் வந்த?" என்றான்.

"அத்த ஒரு தடவ வந்தா."

"ஏம்மா சொல்லல?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த."

அவன் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. சின்னப் பையனாக இருந்தபோதும் சத்தம் வராமல்தான் அழுவான். நாளைக்கே புறப்பட்டு வருகிறேன் என்றான். வேண்டாம், இசைப்பிரியா மாசமாக இருக்கிறாள், அவள் பக்கத்தில் இரு என்று பொற்கொடி அழுத்திச் சொன்னாள். அன்றிலிருந்து வேலைக்குப் போகும் முன் ஒருதரம், வந்த பின் ஒருதரம் அவன் கூப்பிடாமல் இருந்ததில்லை. பல நாள் இருவருக்கும் பேச எதுவும் இருக்காது. அவன் ஷூ மாட்டிக்கொள்வதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான்காவது ஊசியும் முடிந்தது. பேத்தி பிறந்தாள். பொற்கொடி டைம் ஆபீசுக்குத் திரும்பிப் போனாள். தலையில் குட்டையாக முடி முளைத்திருந்தது. செல்வகுமார் அவள் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தான். ஆனால் முன்புபோல் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

முதல் ஸ்கேனுக்குப் போன அன்று ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்த்தால் மாணிக்கம்மாள். இளைத்திருந்தாள். கொஞ்ச தூரத்தில் நின்ற கண்ணகி, வரலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாணிக்கம்மாள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி பேசினாள். "ஒன்ன நெனச்சா எனக்குப் பயமா இருந்துச்சி பொற்கொடி. அது ஒங்கிட்ட இருக்கற வரிக்கும் என்கிட்ட வராதுன்னு ஒரு நாளு தோணும். ஒங்கிட்டேருந்து எனக்கு ஒட்டிக்குமோன்னு ஒரு நாளு தோணும். இன்னா புத்தி பாரு."

"பரவாயில்லக்கா."

"பரவாயில்லன்னு சொல்லாத. ஒரு வார்த்த திட்டிடு."

பொற்கொடி திட்டவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றாள் மாணிக்கம்மாள். ஸ்கேனுக்காக இருவருமே வெறும் வயிறாக இருந்தார்கள்.

இருவருக்கும் அன்று ஒன்றும் இல்லை என்று வந்தது. டாக்டர் புவனா படத்தைக் காட்டி, "இப்போதைக்கு சுத்தமா இருக்கு. உங்களுக்கு மூணு மாசத்துல ஒரு தடவ பாத்துரலாம்மா" என்றார். இப்போதைக்கு என்ற சொல்லைப் பொற்கொடி கவனித்தாள். இனிமேல் எந்த நல்ல செய்தியும் அந்தச் சொல் இல்லாமல் வரப்போவதில்லை என்பதும் புரிந்தது. மாணிக்கம்மாளுக்கு ஆறு மாதம் கழித்து வந்தால் போதும்.

"மூணு மாசத்துல நீ வர்றப்ப நானும் வரேன்" என்றாள் மாணிக்கம்மாள், பஸ் ஏறும்போது. "எனக்கு வூட்ல இன்னா வேல."

மூன்று மாதம் கழித்து அவளால் வர முடியவில்லை. பேரனுக்கு அம்மை போட்டிருந்தது. வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. முந்தின நாளே போன் செய்து ஐந்தாறு தடவை வருத்தப்பட்டாள். பொற்கொடி தனியாகவே போனாள். காலி வயிற்றோடு உட்கார்ந்தாள், ஊசி குத்திக்கொண்டாள், மிஷினுக்குள் படுத்து மூச்சைப் பிடி என்றபோது பிடித்தாள், விடு என்றபோது விட்டாள். மாலையில் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் படித்துவிட்டுத் தலையசைத்தார்.

வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்று மதிவாணனைக் கூப்பிட்டாள். லைன் கிடைக்கவில்லை. மாணிக்கம்மாளைக் கூப்பிட்டாள். ஒரே மணியில் எடுத்தாள்.

"ஒண்ணும் இல்லைன்னுட்டாங்கக்கா. இப்போதைக்கு."

மாணிக்கம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. "ஏ கண்ணகி, சின்னம்மாவுக்கு ஒண்ணும் இல்லியாம்." யாரோ என்ன என்று கேட்டார்கள். மறுபடி சொன்னாள். ஒரு குழந்தை இருமியது, பாத்திரம் உருண்டது, எங்கோ நாய் குரைத்தது. தன்னிடம் யாரும் பேசவில்லை என்றாலும் பொற்கொடி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவர்கள் பேச்சு வேறு எதற்கோ மாறி, மாணிக்கம்மாளுக்குக் கையிலிருந்த போன் மறந்தே போயிற்று போலிருந்தது.

கடலூர் பஸ் வந்து நின்றது. பொற்கொடி கேட்டுக்கொண்டே ஏறி, ஜன்னலோரமாக ஓர் இடத்தில் உட்கார்ந்தாள்.